டூபிலுமாப் எடுத்துவந்தவரின் முகத்தில் மட்டும் மீண்டும் வந்த தோல் அழற்சி: டி செல் ஏற்பிகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் நோயாளி முப்பது வயதைக் கடந்த ஒரு பெண். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்ப்பவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தொடங்கிய அடோபிக் எக்ஸிமா என்ற நாள்பட்ட, அரிக்கும் தோல் அழற்சி, இடையிடையே தணிந்தாலும், அவரை முழுமையாக விட்டதில்லை. முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் மணிக்கட்டுகளிலும் சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிருந்தது. ஸ்டீராய்டு களிம்புகளும் புற ஊதாக் கதிர் சிகிச்சையும் தந்த பலன் சில வாரங்களுக்கு மேல் நிற்கவில்லை. சைக்ளோஸ்போரின் நன்றாகவே வேலை செய்தது; ஆனால் இரத்த அழுத்தம் ஏறியதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதன் பிறகே டூபிலுமாப் ஊசி தொடங்கப்பட்டது. முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் எக்ஸிமாவுக்கு ஒப்புதல் பெற்ற இந்த மருந்து, இன்டர்லூக்கின்-4 ஏற்பியின் (ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் புரதம்) ஆல்பா துணை அலகைப் பற்றிக்கொண்டு அதை அடைத்துவிடும் ஓர் எதிர்ப்பொருள். இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய இரண்டு சைட்டோகைன்களின் (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்கள்) ஏற்பிகளுக்கும் அந்தத் துணை அலகு பொதுவானது என்பதால், ஒரே மருந்து இரண்டு சமிக்ஞைகளையும் ஒருசேரத் தடுக்கிறது. எக்ஸிமாவில் அரிப்பையும் தோலின் அரண் பலவீனமாவதையும் பெருமளவு நடத்துபவை இவ்விரண்டும்தான்.

நான்காவது மாதத்துக்குள் கைகால்களும் உடலும் ஏறத்தாழ முழுவதுமாகத் தெளிந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு இரவில் இடையில் விழிக்காமல் தூங்குவதாக அவர் சொன்னார்.

ஐந்தாம் மாதத்தில் கண்ட மாற்றம்

ஐந்தாம் மாதத்தில் மேல் இமைகள் லேசாக வீங்கி, செதில் விட்டு அரிக்கத் தொடங்கின. இரண்டு வாரத்தில் அது கன்னங்கள், நெற்றி, கழுத்தின் முன்பக்கம் என்று பரவியது. உடலின் மற்ற பகுதிகள் தெளிவாகவே இருந்தன. ஊசி எதுவும் தவறவில்லை.

பரிசோதனையில் ஒரு விவரம் குறிப்பிடத்தக்கது. அழற்சி காதுகளின் பின்புறத்திலும் முகவாயின் அடிப்புறத்திலும் மூக்கோர மடிப்புகளின் உள்ளேயும் இருந்தது. வெயிலால் தூண்டப்படும் தோல் அழற்சி இந்த இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். அங்கெல்லாம் நேரடி ஒளி விழுவதில்லை. காற்றில் மிதந்து வரும் ஒரு பொருளுக்கு அப்படிப்பட்ட மறைவிடம் கிடையாது. முதல் வருகையிலேயே இந்த விவரம் நோயாளிக் குறிப்பில் எழுதப்பட்டது. ஆனால் அதன் பொருள் அப்போது எடைபோடப்படவில்லை.

முதல் ஊகம்

டூபிலுமாப் எடுத்துக்கொள்பவர்களில் ஒரு பகுதியினருக்கு முகமும் கழுத்தும் சிவப்பது ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்று. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில், தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்கு எதிரான அழற்சியும் ஒன்று. எனவே முதலில் மலசீசியா கருதப்பட்டு, பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும், பிறகு வாய்வழி இட்ராகோனசோலும் தரப்பட்டன. முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்போ உறுத்தலோ இல்லாததால், இந்த மருந்தோடு சேர்த்துப் பேசப்படும் கண்சவ்வு அழற்சி இதுவல்ல என்பதும் தெளிவாகியது. மென்மையான ஸ்டீராய்டு களிம்பு பூசிய நாள்களில் அரிப்பு குறைந்தது. நிறுத்தினால் மூன்றாம் நாளே திரும்பியது.

மூன்றாவது வருகையில், வேறு எதையோ விவரிக்கும்போது, நோயாளி போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னார்: "லீவு நாள்ல முகம் பரவாயில்லைங்க டாக்டர். ரெண்டு நாள் வேலைக்குப் போனா மறுபடியும் எரிய ஆரம்பிச்சிடுது." மருந்தின் பக்க விளைவுக்கு விடுமுறை தெரியாது. தோலில் படும் ஒரு பொருளுக்கு எதிராக எழும் தொடு ஒவ்வாமைத் தோல் அழற்சியாக இருக்கலாம் என்ற எண்ணம் மருத்துவக் குழுவுக்கு வலுத்தது இந்தச் சொற்களுக்குப் பிறகுதான்.

மருந்து அடைத்த ஏற்பியும் அடைக்காதவையும்

"இவ்வளவு வலுவான ஒவ்வாமை மருந்து உடலில் இருக்கும்போது புதிதாக ஓர் ஒவ்வாமை எப்படி வரும்?" என்ற கேள்வியை நோயாளியும் கேட்டார், குழுவில் இருந்த பயிற்சி மருத்துவரும் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு வகை வெள்ளணுவான டி செல் எப்படிச் செயலுக்கு வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டியிருந்தது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த விளக்கத்திலிருந்தே வந்ததால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடு ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்கள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறுகள். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் சேதமில்லாத தோலின் மேலடுக்கை எளிதில் கடப்பதில்லை. இவையோ அதற்கும் கீழே நிற்பவை. இந்த நோயாளியின் விஷயத்தில் பின்னால் குற்றவாளியாகத் தெரியவந்த மெத்தில்ஐசோதையசோலினோன் வெறும் 115 டால்டன். இவ்வளவு சிறிய பொருளை எந்த டி செல்லாலும் தனியாக அடையாளம் காண முடியாது. அது தோலுக்குள் போய், அங்குள்ள புரதங்களின் சிஸ்டீன் பகுதியில் இருக்கும் கந்தக அணுவோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. அப்படி மாற்றமடைந்த சொந்தப் புரதத்தைத் தோலின் டென்ட்ரிடிக் செல்கள் உட்கொண்டு, துண்டாக்கி, இத்துண்டுகளை டி செல்களுக்குக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறின் மேல் ஏந்தியபடி நிணநீர்க்கணுவுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கேதான் டி செல் ஏற்பி முதன்முதலாக அதைத் தொட்டுப் பார்க்கிறது.

அந்தத் தொடுகை வலுவற்றது. எதிர்ப்பொருள் ஒன்று தன் இலக்கைப் பற்றும் பிடியோடு ஒப்பிட்டால் பல மடங்கு தளர்வானது. ஆனால் டி செல் ஏற்பி தனியாக வேலை செய்வதில்லை. அருகிலிருக்கும் சிடி4 அல்லது சிடி8 என்ற துணை மூலக்கூறு அதே எச்எல்ஏ மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, தன்னோடு எல்சிகே என்ற நொதியை அந்த இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஏற்பியோடு பிணைந்திருக்கும் சிடி3 தொகுதியின் உட்புற வால்களில் பாஸ்பேட் ஏற்கும் பத்துப் பகுதிகள் உள்ளன. அவற்றில் பாஸ்பேட் ஏறியதும் சாப்-70 என்ற நொதி வந்து ஒட்டுகிறது; தொடர்ந்து செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது; கால்சியத்தால் கால்சினியூரின் என்ற நொதி இயங்குகிறது; அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் போகவிடுகிறது; டி செல்லைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின்-2-இன் மரபணு திறக்கிறது. இந்தத் தொடரில் கால்சினியூரின் நிற்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் முதல் சமிக்ஞை. இது மட்டும் வந்து, வேறெதுவும் வராவிட்டால், புதிய டி செல் செயலுக்கு வருவதற்குப் பதிலாக மரத்துப்போய்விடும். இரண்டாவது சமிக்ஞை டி செல்லின் இன்னொரு ஏற்பியான சிடி28 வழியாக வருகிறது. டென்ட்ரிடிக் செல் தன் மேற்பரப்பில் சிடி80, சிடி86 என்ற இரண்டையும் போதிய அளவில் உயர்த்திக் காட்டினால்தான் சிடி28-க்குப் பற்றுவதற்கு ஏதாவது இருக்கும். அவை உயர, டென்ட்ரிடிக் செல்லுக்கு 'இங்கே ஆபத்து' என்ற அறிகுறி கிடைக்க வேண்டும். ஒவ்வாமை தூண்டும் வேதிப்பொருள்கள் பலவும் தாமே அந்த அறிகுறியையும் உண்டாக்கிவிடுகின்றன என்பதுதான் இந்தத் துறையின் வியப்பான கண்டுபிடிப்புகளில் ஒன்று. நிக்கல் அயனி மனிதர்களின் டிஎல்ஆர்4 என்ற ஆபத்து உணரும் ஏற்பியில் உள்ள சில ஹிஸ்டிடின்களோடு (ஒரு வகை அமினோ அமிலம்) நேரடியாகப் பிணைந்து அதை முடுக்கிவிடுகிறது என்று 2010-இல் காட்டப்பட்டது. எலியின் டிஎல்ஆர்4-இல் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமையை உண்டாக்குவது ஏன் கடினமாக இருந்தது என்பதும் அதோடு விளங்கியது.

சிடி28-ஐத் தொடர்ந்து, செயலுக்கு வந்த செல்லின் மேற்பரப்பில் ஓஎக்ஸ்40, ஐகோஸ் போன்ற ஏற்பிகள் தோன்றி, அது பெருகி நீடிப்பதற்கு உதவுகின்றன. கூடவே சிடிஎல்ஏ-4 தோன்றி, சிடி28-ஐவிட இறுக்கமாக அதே சிடி80, சிடி86 மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைக்கிறது.

மூன்றாவது சமிக்ஞை சைட்டோகைன் ஏற்பிகளுடையது. செயலுக்கு வந்த டி செல் எந்த வகையாக மாறப்போகிறது என்பதை இதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. இன்டர்லூக்கின்-12 ஏற்பி தூண்டப்பட்டால் இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் டிஎச்-1 வகை. இன்டர்லூக்கின்-4 ஏற்பி தூண்டப்பட்டால், ஸ்டாட்6, காட்டா3 என்ற புரதங்கள் வழியாக, டிஎச்-2 வகை. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-23 போன்றவற்றால் டிஎச்-17 வகை. டூபிலுமாப் அடைத்திருந்தது இந்த மூன்றாவது கட்டத்தின் ஒரு கிளையை மட்டுமே. டி செல் ஏற்பி, சிடி28, ஓஎக்ஸ்40, இன்டர்லூக்கின்-12 ஏற்பி ஆகிய எதையும் அது தொடுவதில்லை. எக்ஸிமா டிஎச்-2 ஓங்கிய நோய் என்பதால் அங்கே மருந்து வெற்றிபெற்றது. தொடு ஒவ்வாமையிலோ பல பொருள்களுக்கு எதிரான எதிர்வினையை டிஎச்-1, டிஎச்-17 செல்களும், சிடி8 கொல்லி செல்களும் நடத்துகின்றன. அவை இன்டர்லூக்கின்-4-க்காகக் காத்திருப்பதில்லை.

'ஒவ்வாமை' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட நடைமுறைகள் இருப்பது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1921-இல் பிராஸ்நிட்ஸும் க்யூஸ்ட்னரும் மீன் ஒவ்வாமையை ஒருவரிடமிருந்து இன்னொருவரின் தோலுக்கு இரத்தத்தின் சீரம் மூலமாகவே கடத்திக் காட்டினார்கள். 1942-இல் லேன்ட்ஸ்டைனரும் சேஸும் கினிப் பன்றிகளில் வேதிப்பொருள் ஒவ்வாமையைச் செல்களின் மூலம் கடத்தினார்கள். முன்னதன் பின்னால் இருந்தது ஐஜிஇ எதிர்ப்பொருள்; பின்னதன் பின்னால் இருந்தவை டி செல்கள்.

பேட்ச் சோதனைக்கு முன் எடைபோட்ட வழிகள்

அந்தக் கட்டத்தில் மூன்று வழிகள் முன்னால் இருந்தன. டூபிலுமாப்பை நிறுத்திப் பார்ப்பது முதலாவது. உடல் முழுதும் எக்ஸிமா திரும்பிவிடும் வாய்ப்பு மிகுதி. முகத்துக்குக் காரணம் மருந்தல்ல என்றால் அது வீண் இழப்பு. எனவே அது விரைவில் கைவிடப்பட்டது.

ஜாக் நொதித் தடுப்பு மாத்திரைக்கு மாறுவது இரண்டாவது வழி. இதைப் பற்றித்தான் குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது. ஜாக் நொதிகள் இன்டர்லூக்கின்-4 ஏற்பிக்கு மட்டுமல்லாமல் இன்டர்ஃபெரான்-காமா ஏற்பிக்கும் இன்னும் பல சைட்டோகைன் ஏற்பிகளுக்கும் கீழே வேலை செய்பவை. ஆகவே அந்த மாத்திரை முகத்தைத் தெளிவாக்கியிருக்கவும் கூடும். எதிராக நின்ற வாதமும் அதுவேதான். முகம் தெளிந்துவிட்டால் காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றாது. தூண்டும் பொருளோடு தொடர்பு தொடரும். நோயாளி இன்னும் பரந்த எதிர்ப்புத்திறன் அடக்கத்தைக் காலவரையின்றித் தாங்க வேண்டியிருக்கும். ஐயத்துக்குரிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் சோதனையின் எதிர்வினையையும் அது மங்கச் செய்யக்கூடும்.

மூன்றாவது வழி, இருக்கும் ஊசியை மாற்றாமல் பேட்ச் சோதனை செய்வது. டூபிலுமாப் எடுத்துக்கொண்டிருக்கும்போதும் இச்சோதனையில் நேர்மறை முடிவுகள் கிடைப்பது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. சிலருக்குச் சில பொருள்களுக்கான எதிர்வினை மங்குவதும் பதிவாகியுள்ளது. எனவே நேர்மறை வந்தால் நம்பலாம், எதிர்மறை வந்தால் முற்றாக நம்பிவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு இந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசுவது சோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தப்பட்டது. உடல் எக்ஸிமா அடங்கியிருந்ததால் முதுகு சுத்தமாக இருந்தது; டூபிலுமாப்புக்கு முந்தைய நாள்களில் இந்தச் சோதனைக்கு ஏற்ற ஓர் அகலமான இடம் அவர் முதுகில் கிடைத்திருக்காது.

முதுகில் தெரிந்தது

1895-இல் யாடாசோன் விவரித்த இந்தச் சோதனையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு அறைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அகற்றி, அப்போதும் அதன் பிறகும் தோலைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் வழக்கமாக வைக்கப்படும் அடிப்படை வரிசைப் பொருள்களோடு நோயாளி பயன்படுத்திவந்த முகப்பூச்சும் மாய்ஸ்சரைசரும் வைக்கப்பட்டன. ஷாம்பூ நீர்க்கச் செய்து வைக்கப்பட்டது.

இரண்டாம் நாள், ஒட்டுகளை அகற்றி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, மெத்தில்ஐசோதையசோலினோன் (நீரில் 0.2 சதவீதம்) வைத்த இடத்தில் தோல் லேசாகத் தடித்திருந்தது. நோயாளியின் தோல் மாநிறத்தைவிடக் கருமையானது. சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியவில்லை. விரல் நுனியால் மெல்லத் தடவியபோதுதான் அந்த வட்டம் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து, சற்றுக் கெட்டியாக இருப்பது பிடிபட்டது. அடர்நிறத் தோலில் பேட்ச் சோதனையைக் கண்ணால் மட்டும் படிப்பது போதாது என்று பாடத்தில் சொல்லப்படுவதை இப்படி ஒரு முதுகில் உணர்ந்தால் பிறகு மறக்காது. அதே நாளில் ஷாம்பூ வைத்த இடத்திலும் ஒரு மாற்றம் இருந்தது. ஆனால் அது அறையின் விளிம்பை அச்செடுத்ததுபோல் கூரிய எல்லையோடு, வழவழப்பாக, தடிப்பில்லாமல் இருந்தது.

நான்காம் நாள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருந்தன. ஷாம்பூவின் தடம் மங்கிவிட்டது. அது எரிச்சல் வினை. மெத்தில்ஐசோதையசோலினோன் இடத்தில் தடிப்பு விளிம்பைத் தாண்டிப் படர்ந்து, அதன் மேல் ஊசிமுனை அளவிலான நீர்க்கொப்புளங்கள் எழும்பியிருந்தன. 'இரண்டு பிளஸ்' (வலுவான நேர்மறை) என்று பதிவு செய்யப்பட்டது. இப்பொருளோடு இதன் குளோரோ வகையும் சேர்ந்த கலவைக்கு 'ஒரு பிளஸ்'. நிக்கலுக்கும் 'ஒரு பிளஸ்' வந்தது. இளம் வயதில் மலிவான காதணிகளால் காது புண்ணான வரலாறு இருந்ததால் அது பழைய ஒவ்வாமை என்று கொள்ளப்பட்டது. ஏழாம் நாள் வாசிப்பில் புதிதாக எதுவும் சேரவில்லை.

அந்தச் சிறு கொப்புளங்கள் மேலே விவரித்த கதையின் கடைசி அத்தியாயம். ஏற்கெனவே பழக்கப்பட்ட நினைவு டி செல்கள் தோலுக்குள் இருந்தபடியே தங்கள் பொருளை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றன. அதைத் தன் ஏற்பியால் உணரும் தோல் செல் ஐகாம்-1 என்ற ஒட்டு மூலக்கூறை மேற்பரப்பில் உயர்த்துகிறது. டி செல்லின் எல்எஃப்ஏ-1 அதைப் பற்றிக்கொள்கிறது. தோல் செல் விடுக்கும் கீமோகைன் என்ற ஈர்ப்புப் புரதங்களை நாடி, சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பி கொண்ட மேலும் பல டி செல்கள் இரத்தத்திலிருந்து வருகின்றன. கொல்லி செல்கள் தோல் செல்களை அழிக்க, அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் குறைய, இடையில் நீர் தேங்கிக் கொப்புளமாகிறது. இத்தனைக்கும் இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும் என்பதால்தான் சோதனையை இரண்டாம் நாளோடு முடித்துவிடக் கூடாது. நினைவு செல்களுக்குப் புதிய செல்களைப் போல சிடி28 உதவி அவ்வளவு தேவைப்படுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒருமுறை ஏற்பட்ட தொடு ஒவ்வாமை ஏன் இவ்வளவு எளிதில் கிளம்புகிறது என்பது விளங்கும்.

மூலத்தைத் தேடியது

சோதனையில் நேர்மறை வந்தது என்பது ஒவ்வாமை இருப்பதைக் காட்டும்; இப்போதைய நோய்க்கு அதுவே காரணம் என்று காட்டாது. மெத்தில்ஐசோதையசோலினோன் நீர் கலந்த பொருள்களில் நுண்ணுயிர் வளராமல் காக்கும் ஒரு பதனப்பொருள். 2005-இல் ஐரோப்பாவில் அழகுப் பொருள்களில் தனித்துப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட பிறகு ஒவ்வாமை மளமளவென்று கூடியது. 2013-இல் அமெரிக்கத் தொடு தோல் அழற்சிக் கழகம் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்' என்று அறிவித்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைத் தடைசெய்தது. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்தில் 15 பங்கு என்பதே அங்கே இப்போதைய உச்ச வரம்பு. ஆனால் நீர் அடிப்படையிலான சுவர்ப் பூச்சுகளிலும் பசைகளிலும் துப்புரவுத் திரவங்களிலும் அது தொடர்ந்து இருக்கிறது.

நோயாளியின் முகப்பூச்சின் உட்பொருள் பட்டியலில் அது இல்லை. ஷாம்பூவில் இருந்தது. ஷாம்பூ வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் வேறுபாடு பார்க்காது என்பதால் அது மட்டும் போதவில்லை. காதின் பின்புறமும் முகவாயின் அடியும் பற்றிய பழைய குறிப்பு இப்போது மீண்டும் எடுத்துப் படிக்கப்பட்டது. பணியிடம் பற்றிக் கேட்டபோது, இமைகள் வீங்குவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு அவர் அமரும் அறைக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது தெரியவந்தது. குளிரூட்டப்பட்ட அறை, சன்னல்கள் திறப்பதில்லை. பூச்சின் தயாரிப்பாளர் தந்த பாதுகாப்புத் தகவல் தாளில் மெத்தில்ஐசோதையசோலினோன் பெயர் இருந்தது. சுவர் உலர்ந்த பிறகும் வாரக்கணக்கில் இப்பொருள் காற்றில் கலந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரின் இமைக்கு அந்தச் சிறு அளவே போதுமானது.

ஷாம்பூ வழியாகப் பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ ஒவ்வாமை உருவாகியிருக்க, சுவர்ப் பூச்சு அதை வெளிப்படுத்தியது என்பதே குழு ஏற்றுக்கொண்ட விளக்கம். ஒவ்வாமை உருவானது ஊசிக்கு முன்பா பின்பா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. முன்பே இருந்திருந்தால், முகத்தில் அவ்வப்போது வந்த சிறு தடிப்புகள் 'எக்ஸிமாதான்' என்று கணக்கில் சேர்ந்திருக்கும். உடல் தெளிந்த பிறகே முகம் தனியாகக் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிகிச்சை

முதல் நடவடிக்கை விலக்கல். ஷாம்பூவும் கைகழுவும் திரவமும் மாற்றப்பட்டன. பணியிடத்தில், மருத்துவச் சான்றின் பேரில், சில ஆண்டுகளாக வண்ணம் பூசப்படாத வேறோர் அறையில் அவருக்கு இருக்கை தரப்பட்டது. சுவரைச் சோடியம் பைசல்பைட் கரைசலால் பூசி ஐசோதையசோலினோன்களைச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு. அறையை மாற்ற முடிந்ததால் அது தேவைப்படவில்லை.

முகத்துக்கு 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பு, நாளுக்கு இருமுறை. இமைத் தோல் மெல்லியது. அங்கே ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மேலும் மெலியும், கண் அழுத்தம் ஏறும் அபாயமும் உண்டு என்பது ஒரு காரணம். டாக்ரோலிமஸ் தடுப்பது கால்சினியூரினை என்பது இன்னொரு காரணம். டிஎச்-1 ஆனாலும் டிஎச்-2 ஆனாலும் கொல்லி செல் ஆனாலும், டி செல் ஏற்பியிலிருந்து வரும் சமிக்ஞை அந்த நொதியைக் கடந்தே உட்கருவுக்குப் போக வேண்டும். டூபிலுமாப் தொடாத செல்களை இது தொடும். பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பலன் தந்த சைக்ளோஸ்போரினும் இதே நொதியைத் தடுப்பதுதான். அது உடல் முழுக்கப் பரவியது, இது பூசிய இடத்தோடு நிற்கிறது. டாக்ரோலிமஸ் 800 டால்டனைத் தாண்டிய மூலக்கூறு என்பதால் அழற்சி உள்ள தோலில் நுழையும் அளவுக்கு, ஆறிய தோலில் நுழைவதில்லை. தோல் குணமாகக் குணமாக மருந்தின் உள்நுழைவும் தானாகக் குறைகிறது. முதல் சில நாள்கள் எரிச்சல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது, இருந்தது, பொறுத்துக்கொண்டார்.

டூபிலுமாப் அதே அளவில் தொடர்ந்தது.

பின்தொடர்ந்தவை

இரண்டாம் வாரத்தில் இமை வீக்கம் வடிந்தது. ஆறாம் வாரத்தில் முகம் தெளிந்து, டாக்ரோலிமஸ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஒருமுறை, இரண்டு இமைகளிலும் வலது கையின் மூன்று விரல்களிலும் அழற்சி திரும்பியது. விரல்கள் காட்டிக்கொடுத்தன: கணினித் திரையையும் விசைப்பலகையையும் துடைக்கப் புதிதாக வாங்கிய ஈரத் துடைப்புத்தாள்களின் உறையில் அதே பதனப்பொருளின் பெயர் இருந்தது. அவற்றைக் கைவிட்டு, ஒரு வாரம் களிம்பு பூசியதில் அது அடங்கியது. முதலில் தொடங்கிய அதே இமைகளில் இம்முறையும் அழற்சி வந்ததற்கு, அழற்சி ஆறிய பிறகும் தோலிலேயே தங்கிவிடும் நினைவு டி செல்கள் காரணமாக இருக்கக்கூடும். சிடி69, சிடி103 ஆகிய மேற்பரப்பு மூலக்கூறுகள் அச்செல்களை இரத்த ஓட்டத்துக்குத் திரும்பவிடாமல் தோலோடு நிறுத்திவைக்கின்றன.

கடைசியாகப் பார்த்தபோது முகமும் உடலும் தெளிவாக இருந்தன; நோயாளி பழைய அறைக்குத் திரும்பவில்லை.

அடுத்த முறை மாறுவது

இந்த நிகழ்வுக்குப் பிறகு குழுவின் நடைமுறையில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. எக்ஸிமாவுக்கு டூபிலுமாப் போன்ற உயிரியல் மருந்து தொடங்குமுன், முகம், இமை அல்லது கைகளில் அழற்சி மிகுந்தவர்களுக்கு, முதுகின் நிலை இடம்கொடுத்தால் பேட்ச் சோதனை அப்போதே செய்யப்படுகிறது. அப்போது முடியாதவர்களுக்கு, மருந்தால் முதுகு தெளிந்த பிறகு செய்யப்படுகிறது. டூபிலுமாப் எடுத்துக்கொள்பவரின் உடல் தெளிந்து முகம் மட்டும் தெளியாவிட்டால், பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதும் பேட்ச் சோதனைக்கு நாள் குறிப்பதும் ஒரே வருகையில் நடக்கின்றன. ஒன்றின் பலனுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை. காதின் பின்புறம், முகவாயின் அடி, மூக்கோர மடிப்பு ஆகிய மூன்று இடங்களும் பரிசோதனைப் படிவத்தில் தனித்தனிக் கட்டங்களாகச் சேர்க்கப்பட்டன. இடம் மாறினால் நோய் மாறுகிறதா என்ற கேள்வி முதல் வருகையிலேயே கேட்கப்படுகிறது.

ஒரு விஷயத்தில் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. டூபிலுமாப் எடுத்துக்கொண்டிருக்கும்போது பேட்ச் சோதனை எதிர்மறையாக வந்தால், மருந்தைச் சில வாரம் நிறுத்தி மறுபடியும் சோதிக்க வேண்டுமா? சில ஒவ்வாமைப்பொருள்கள் டிஎச்-2 வழியையும் கணிசமாகப் பயன்படுத்துகின்றன. அவற்றுக்கான எதிர்வினையை மருந்து மறைத்திருக்கலாம். என் கருத்தில், நிறுத்துவதற்கு முன் ஐயத்துக்குரிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை, ஒன்றிரண்டு வாரங்கள் பூசிப் பார்க்கும் திறந்த சோதனையை முயல்வது நல்லது. நோயாளி மருந்தை இழக்க வேண்டியதில்லை. அன்றாடம் அவர் தோல் சந்திக்கும் அளவுக்கு அது நெருக்கமாகவும் இருக்கிறது.